நான்காவது வரி

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
உள்ளே, சரக்கறையில்,
வெள்ளரி ஊறுகாய் ஜாடிகளுக்கும்
உருளைக்கிழங்குச் சாக்குக்கும் நடுவே
எங்கள் வீட்டு சர்வர்
உறங்காமல் உறுமிக்கொண்டிருக்கிறது.

வில்யாந்தியில் மின்சாரத்துக்கு
மணிக்கொரு விலை.
பக்கத்து வீட்டு உர்வே
விலை இறங்கும் வேளை பார்த்து
நடுநிசியில் துணி துவைக்கிறாள்.
நானோ
யாரும் கேட்காத நாலாயிரம் படங்களையும்
லீசெல் முயலாக நடித்த
பள்ளி நாடகத்தையும்
ராமுழுக்கச் சூடாக வைத்துக்
காவல் காக்கிறேன்.

ஞாயிறன்று உட்கார்ந்து எழுதினேன்,
நாற்பத்தோரு வரி நிரல்.
பத்து நிமிடத்துக்கு ஒரு தரம்
அது வீட்டைக் கேட்க வேண்டும்:
யாராவது விழித்திருக்கிறீர்களா?
என் மடிக்கணினி, டிவி,
லீசெலின் டேப்லெட், இன்னும் ஒன்று.
இரண்டு தரம் கேட்டும்
ஒருவரும் வாய் திறக்காவிட்டால்
போய்த் தூங்கு.

கோழித்தூக்கம் வேண்டாம்.
இந்த ஊர்க் காட்டில்
பனிக்கடியில் கரடி தூங்குமே, அப்படி.
நினைவில் இருப்பதையெல்லாம்
வட்டில் இறக்கி வைத்துவிட்டு
நாடி இல்லாமல் கிட.
காது மட்டும் திறந்திருக்கட்டும்.

எழுப்புவதற்கும் ஒரு முறை உண்டு.
முதலில் ஆறு தட்டு.
பிறகு அதன் முகவரி,
விடாமல் பதினாறு தடவை.
ஒரு தடவை என்றால்
வேறு யாரையோ என்று புரண்டு படுக்கலாம்.
பதினாறு தடவை தன்னையே கூப்பிட்ட பிறகு
எழாமல் கிடக்க
எந்திரத்துக்குக்கூட மனசு வராது.

"எனக்குப் பதினேழு வேணும்"
என்றாள் லீசெல்,
தலையணையிலிருந்து முகத்தை எடுக்காமல்.

அது தூங்கவில்லை.
திங்கள் தூங்கவில்லை.
செவ்வாயும்.
நிரலில் பிழை என்று
ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன்,
அரிசியில் கல் பொறுக்குவதுபோல்.
கல் இல்லை.

புதன் இரவு
போர்வையைப் போர்த்திக்கொண்டு
பதிவுகளைத் திறந்தேன்.

இரண்டு பத்து.
மடிக்கணினி: பதில் இல்லை.
டிவி: பதில் இல்லை.
டேப்லெட்: பதில் இல்லை.
நான்காவது: இருக்கிறேன்.

இரண்டு இருபது.
இல்லை. இல்லை. இல்லை.
இருக்கிறேன்.

நான்காவது வரி ஐவோ.

தம்பெரேயில் கூரை போடப் போனவன்.
முதலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை
கப்பலேறி வந்தான்.
அப்புறம் மாதம் ஒருமுறை.
அப்புறம் டிக்கெட் விலை ஏறிவிட்டது என்றான்,
ஏறித்தான் இருந்தது.
இப்போது அவனுக்கு ஃபின்லாந்து எண், புதுக் கைபேசி.
பழையது எங்கே என்று
நான் கேட்டதே இல்லை.

சானாவின் முன்னறையில் கிடைத்தது.
துவாலை மாட்டும் ஆணிக்குக் கீழே,
குளித்துவிட்டு ரேடியோ கேட்பதற்கென்று
அவன் செருகி வைத்த இடத்திலேயே.
ஒரு மூலையில் கண்ணாடி விரிசல்.
தவறிய அழைப்பு எதுவும் இல்லை.
நூறு சதவீதம் நிரம்பியிருந்தது.

பதினான்கு மாதமாக
யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும்
இருக்கிறேன் இருக்கிறேன் என்று
இந்த வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது
இதுதான்.

பிடுங்கலாம் என்று கை போனது.
பிடுங்கவில்லை.
மேலே வந்து நிரலைத் திறந்து
நான்காவது வரிக்கு முன்னால்
ஒரு # போட்டேன்.
அந்தக் குறி இருந்தால்
எந்திரம் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும்.
கண்ணில் படும்,
கணக்கில் வராது.

மடிக்கணினியை மூடிவிட்டு
இருட்டில் காத்திருந்தேன்.
இருபது நிமிடம், கொஞ்சம் கூடவே.
விசிறி தணிந்தது.
வட்டு ஒருமுறை டிக் என்றது.
இத்தனை நாள் இந்த வீட்டில்
ஒரு சத்தம் இருந்திருக்கிறது என்பதே
அது நின்ற பிறகுதான் கேட்டது.

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.
தெருவில் பனி வாரும் வண்டி.
கூரையைப் பார்த்துப் படுத்திருந்தேன்,
கண் கொட்டாமல், விடியும்வரை.

அதன் கணக்கில்
நானும் தூங்கியிருந்தேன்.